நானே எழுதிய ஏழாம் விதி

என் செல்லப் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, வாய் மட்டும் வழக்கத்தைவிட நன்றாகவே இருக்கிறது. நானும் நலம். தம்பியும் நலம் என்று எழுதப்போனேன், பேனா நின்றுவிட்டது. நாலு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அவன் வேலைக்குப் போயிருக்கிறான், தூங்குகிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்னை மறந்தே போச்சு என்று நீயும் கோபித்துக்கொண்டாய். அவன் மறக்கவில்லை கண்ணு, நான்தான் மறைத்தேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன், அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

நம் ஊரையும் சேர்த்து ஆறு ஊருக்கும் பொதுவாக, குடிப்பழக்கத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் எதிராக ஒரு வட்டாரத் திட்டம் தயாரிக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, ஓர் ஊரில் கெடுபிடி செய்தால் பக்கத்து ஊரில் போய் வாங்கிவிடுகிறார்கள், அதனால் ஆறு ஊரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது யோசனை. சுகாதார அதிகாரி அம்மாள் தலைவர். மருந்துக்கடைகள் சார்பில் என்னைப் போட்டார்கள். இருபத்தாறு வருஷம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவள், எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு எனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஒரு கால் ஆடும் நீள மேஜையைச் சுற்றி உட்காருவோம், காவல் ஆய்வாளர், தலைமையாசிரியை, தம்பி வேலை செய்கிற கிடங்கின் மேலாளர், அப்புறம் சோடா என்று எல்லோரும் கூப்பிடும் வெல்டர். அவர் பன்னிரண்டு வருஷம் குடித்து ஏழு வருஷமாக விட்டவர், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கையில் சோடா பாட்டிலோடு நின்று நின்று பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. படித்தவர்கள் கூடுகிற இடத்தில் இவருக்கு என்ன வேலை என்று முதல் கூட்டத்தில் நினைத்தேன், இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தத் திட்டத்தில் ஏழாம் விதி முழுக்க என் கைவண்ணம். திருத்திய மருந்துச் சீட்டோடு யார் வந்தாலும் கடைக்காரர் அந்த நிமிடமே காவல் நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். சோடா மட்டும், பயமுறுத்திட்டீங்கன்னா அப்புறம் அவங்க எங்கயுமே வரமாட்டாங்கம்மா என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடிவாகும் வரை இதன்படி நடக்கட்டும் என்று வரைவு ஆறு ஊர்க் கடைகளுக்கும் போனது. அப்பா அதை முழுதாகப் படித்து ஒன்பது எழுத்துப்பிழை கண்டுபிடித்ததோடு சரி.

போன வருஷம் கிடங்கில் பெட்டி இறக்கும்போது தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதே, அப்போது மருத்துவர் வலிக்குப் பத்து நாள் மாத்திரை எழுதினார். நானேதான் எடுத்துக்கொடுத்தேன். வலி போன பிறகும் மாத்திரை அவனை விடவில்லை. இளைத்தான், எரிந்து விழுந்தான், சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கினான், வேலை அலுப்பு என்று நானே அவனுக்குக் காரணம் தேடிக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் எதை எத்தனை வேளை சாப்பிடலாம் என்று சொல்கிறவளுக்குச் சொந்த வீட்டில் நடப்பது தெரியவில்லை பார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும், நாலாவது ஊர் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். அக்கா, ஒரு சீட்டு வந்திருக்கு, பத்துங்கறத நாப்பதுன்னு திருத்தியிருக்காங்க, உங்க விதிப்படி ஸ்டேஷனுக்குப் போன் போட்டுடட்டுமா என்று கேட்டார். போடுங்க, அதுக்குத்தானே விதி என்றேன். குறித்துவைத்துக்கொள்ளலாமே என்றுதான் பெயரைக் கேட்டேன். அவர் வாசித்தார். என் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியவில்லை. போன் போடாதீங்க, நான் வர்றேன் என்று மட்டும் என் வாயிலிருந்து வந்தது.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மருந்து எடுக்க நேரமாகும் என்று அவனைக் கடை வாசல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளக்கூட இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனே பேசினான். நேரமாகுதுன்னதுமே புரிஞ்சுபோச்சும்மா, ஓடிடலாம்னுதான் பாத்தேன், எங்க ஓடுறதுன்னு தெரியல என்றான். அவன் கை ஐஸ் மாதிரி இருந்தது, வியர்த்தும் இருந்தது. அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர், சீட்டை என் கையில் கொடுத்து, இது நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா என்றார். மறுநாள் அதை மருத்துவரிடம் காட்டி நடந்ததைச் சொன்னோம். சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும், சிகிச்சை மையத்துக்குப் போங்கள் என்றார். மையமோ ஐந்தாவது ஊரில் இருக்கிறது, திறப்பது காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, வேலைக்குப் போகிறவன் எப்படிப் போவான் சொல்லு. இதையெல்லாம் நாங்கள் மூன்று கூட்டம் பேசியும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்தில் விதிகளை முடிவுசெய்வதாக இருந்தது. பத்து நாள் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் என் மகன் தப்பித்தான், அடுத்த வீட்டு மகன் ஸ்டேஷனுக்குப் போவான். பேசினாலோ எதிரில் உட்கார்ந்திருப்பது அவனுடைய மேலாளர். அவனிடமே கேட்டேன். சொல்லும்மா, வேலை போனா போகட்டும், என்னைய மாதிரி இன்னும் ரெண்டு பேரு அதே கிடங்குல இருக்காங்க என்றான். ஏழாம் விதி வந்ததும் எழுந்து நின்றேன். இதை எழுதியது நான், முதலில் மீறியதும் நான், வந்தது என் மகன் என்றேன். கிடங்கு மேலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். உங்க பையன்னா ஒரு விதி, ஊரான் பையன்னா வேற விதியாம்மா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஊரான் பையனுக்கும் நான் எழுதினது தப்புதான் சார், என் பையன் வந்து நிக்கிற வரைக்கும் எனக்கு அது உறைக்கல என்று மட்டும் சொன்னேன். அப்போது சோடா, சீட்டத் திருத்திக்கிட்டு வர்றவன் கடை வரைக்கும் தானா வந்துட்டான், உதவி கிடைக்கிற எடத்துக்கு அதவிடப் பக்கத்துல அவன் வரப்போறதில்ல, அங்கேருந்து அவனத் தொரத்தணுமா என்று கேட்டார். ஆய்வாளர் எதிர்ப்பார் என்று நினைத்தேன், அவரோ, எங்க லாக்கப்புல டாக்டர் இல்லீங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஓட்டெடுப்பில் நான் கை தூக்கவில்லை, தூக்குவது நியாயமில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் விதி மாறியது, அதுவும் ஆறு மாதச் சோதனைக்குத்தான். இனிமேல் கடைக்காரர் மருந்தைக் கொடுக்கமாட்டார், ஆளை உட்காரவைத்து மையத்துக்குப் போன் செய்வார். ஆறு ஊரிலும் வாரம் ஒரு நாள் சாயங்கால சிகிச்சை, யார் பெயரும் வேலையிடத்துக்குப் போகாது. மேலாளர் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை தம்பியைச் சுமை தூக்கும் வேலையிலிருந்து மாற்றிச் சரக்குச் சரிபார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார், ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நம் ஊருக்கு வியாழக்கிழமை, நூலக மாடியில். அப்பா அவனோடு போய்க் கீழே பேப்பர் படிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்துகொள்கிறார், ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிக்கிறாராம். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னை ஏமாற்றமாட்டேன். மூன்றாவது வாரம் மாத்திரைக்குப் பதில் குடித்துவிட்டு வந்தான், நான் கத்தினேன், மறுநாள் சோடா வந்து அவனைத் தன் பட்டறைக்குக் கூட்டிப்போய்ப் பகல் முழுக்க உட்காரவைத்திருந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. நாளைக்கு என்னவென்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நேற்று தட்டில் மறுபடியும் சாதம் போடச் சொல்லிக் கேட்டான், எனக்கு அதுவே பெரிய செய்தி.

வியாழக்கிழமை அவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு போன் செய். முதல் தடவை எடுக்கமாட்டான், வெட்கம். இரண்டாம் தடவை அடி. எப்படி இருக்கே, விட்டுட்டியா என்றெல்லாம் தோண்டாதே, மாப்பிள்ளையை வம்புக்கு இழுத்துப் பேசு, அவனுக்கு அது பிடிக்கும். என்மேல் கோபம் இருந்தால் அதை எனக்குத் தனியாக எழுது, வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், உங்கள் வீட்டுக் கதவு யாருக்கும் பயந்து மூடாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். எல்லாம் நிஜம்தான், அனுப்பு என்றான். பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்ததை எழுதிய இடத்தில் மட்டும் ஒரு வார்த்தையை அடிச்சுடும்மா என்றான். அடித்துவிட்டேன். மை திட்டாகத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

உன்னை என்றும் நினைத்திருக்கும்
அம்மா