மேல்பக்கம் மடித்திருந்த ஸ்கேன் தாள்

இன்று காலை உன் மகள் கடைக்கு வந்து ஜெராக்ஸ் மிஷின் மேல் ஒரு ஸ்கேன் கவரை வைத்தாள். திராட்சைக்கு அடிக்கிற மருந்து வாடை அதில் இன்னும் இருந்தது. நீ தொட்டது எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் வாடை.

"அம்மா பீரோவுல ஒளிச்சு வச்சிருந்தாக" என்றாள்.

சுருளிப்பட்டியில் இங்கிலீஷ் தாள் எது வந்தாலும் என்னிடம்தான் வாசிக்க வரும். போன வருஷம் அறுவடை நேரத்தில் நீயும் ஒரு ஸ்கேன் தாளோடு வந்தாய். தாளின் மேல்பக்கத்தைப் பின்னால் மடித்து, நீயே பிடித்துக்கொண்டாய். "அங்கன ஈரமாயிருச்சு, கிழிஞ்சிரும். கீழ உள்ளத வாசிடி."

கருப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர், இயல்பானதே என்று இருந்தது. ஆதார் கார்டில் ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடிக்கிற நான், பெயரைப் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரர் வாசலில் பைக்கோடு நின்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். "நீ சொன்னாச் சரித்தா ஆத்தா" என்று அவர் நிம்மதியாக வண்டியைக் கிளப்பினார்.

அப்புறம் உன் வயிறு வீங்கியது. "முன்னாடி ஸ்கேன் எடுக்கலையா?" என்று டாக்டர் கேட்டபோது நான் முந்திக்கொண்டு, "எடுத்தோம் சார், நார்மல்" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். மாதவிலக்கு வருகிற பெண்ணுக்கு அந்தக் கொஞ்ச நீர் தானாக வற்றிவிடும், அது நின்றுபோனவளுக்கு நீர் சேர்ந்தால் விடக்கூடாது என்று அவர்தான் சொன்னார். உனக்கு நின்று நாலு வருஷம். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை.

இன்று கவருக்குள் இரண்டு தாள்கள். மடிப்பு விழுந்த தாளை விரித்தேன். உன் மகள் பெயர், வயது பத்தொன்பது. அவளுடைய மாத வலிக்காக எடுத்தது. மடிப்பில்லாத தாளில் உன் பெயர். வயிற்றில் நிறைய நீர், சினைப்பையில் கட்டி, உடனே பெரிய டாக்டரைப் பார்க்கவும் என்று அதை மட்டும் வாய்விட்டு வாசித்துவிட்டேன்.

ஏன் என்று தெரியாமல் இல்லை. "எங்கக்கா மதுரை ஆஸ்பத்திரிக்குத் தன் கால்ல நடந்துபோயித்தா பஸ் ஏறுனா, பொணமா வண்டியில வந்தா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். என்னிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே உன்னையும் மதுரை பஸ் ஏற்றியிருப்பேன். பயந்தாய், சரி. அந்தப் பொய்யை நீயே சொல்லியிருக்கலாமே. என் வாயை ஏன் எடுத்துக்கொண்டாய்? முப்பது வருஷச் சிநேகிதத்துக்கு இது துரோகம். அந்தச் சொல்லை எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப்போவதில்லை.

உன் மகள் உன் தாளைக் காட்டிக் கேட்டாள்: "இதையா அத்தை நார்மல்னு சொன்னீக?"

நீ மடித்துக் காட்டியது அவள் தாளை என்று சொன்னால், அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டே கிடக்கும். மடிப்பு விழுந்த தாளை மிஷினுக்கு அடியில் தள்ளினேன்.

"ஆமா. எனக்குத்தான் இங்கிலீஷ் சரியாப் புரியல."

உன் தாளைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள். போகும்போது எப்போதும் "வர்றேன் அத்தை" என்பாள். இன்று சொல்லவில்லை.