ஒத்திகை நோயாளி

பிப்ரவரி 6

இன்று மறுபடியும் சாகக் கிடந்து பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் வருடாந்திர ஒத்திகை. கொள்ளைநோய் ஏதாவது வந்தால் என்னென்ன செய்வோம் என்று மேலிடத்து விருந்தினர்களுக்கு நடித்துக் காட்டுவார்கள். நோயாளி வேஷம் எப்போதும் எனக்குத்தான். லிஃப்ட் ஓட்டுகிறவன் வருஷமெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறான், ஒரு நாளாவது படுக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். பத்தாவதில் கோட்டை விட்டவனுக்கு இருமலில் முதல் மார்க்.

நர்ஸ் வேஷம் நிஜ நர்ஸுக்கு: என் மகள் பாப்பாவுக்கு. நீலக் கவச உடையில் குனிந்து, "அப்பா, ஓவரா இருமாதீங்க. நோயாளி செத்துட்டா என்ன பண்றதுன்னு இவங்க யோசிக்கவே இல்ல" என்றாள். ஸ்ட்ரெச்சரிலேயே சிரித்துவிட்டேன். பெரிய டாக்டர் முறைத்தார்.

ஒத்திகைக்கு அந்த நீல உடை ஒன்றுதான். அதையே துவைத்துத் துவைத்துப் போடுகிறார்கள். நிஜத்துக்கானவை ஸ்டோரில் கூரை முட்ட அடுக்கியிருக்கின்றன. ஒட்டின பெட்டியைப் பிரிக்கக் கூடாது. "அதெல்லாம் நிஜமா வரும்போது போடறதுக்கு" என்பார் ஸ்டோர்காரர், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையைச் சொல்வதுபோல.

மார்ச் 19

நிஜமாகவே வந்துவிட்டது. பெட்டிகளைப் பிரிக்கிறார்கள்.

மார்ச் 22

ஐந்தாவது மாடி முழுக்கக் காய்ச்சல்காரர்களுக்கு. என் லிஃப்டும் அவர்களுக்கு மட்டும். பாப்பாவுக்கு அங்கேதான் வேலை, தங்கலும் அங்கேயே. நான் அந்த மாடியில் இறங்கக் கூடாது. கதவு திறக்கும், ஸ்ட்ரெச்சர் போகும், கதவு மூடும். அதற்குள் அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவாள்.

வீட்டில் தூர நின்று அதை அவள் அம்மாவுக்கு ஆட்டிக் காட்டினேன். "இப்படியா ஆட்டினா? பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்கு" என்றாள். இருந்தாலும் இன்னொரு தடவை ஆட்டச் சொன்னாள்.

மார்ச் 25

இன்று அவள் கையைத் தூக்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு விரலை மட்டும் ஆட்டினாள். என் மேல் கோபமா? நான் என்ன செய்தேன்?

மார்ச் 26

போனில் கேட்டேன்.

"கோபம் எல்லாம் இல்லப்பா. கையைத் தூக்கினா அக்குள்ல டர்ருன்னு கிழியுது. பெட்டிக்குள்ளயே கிடந்து இத்துப் போச்சு. சலைன் பாட்டில் மாட்டணும்னா கையைத் தூக்கித்தானே ஆகணும்? பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிட்டு ஓடறோம்."

"வேற பெட்டி பிரிக்கச் சொல்லு."

"எல்லாம் ஒரே சரக்குப்பா."

ஸ்டோர்காரரிடம் போய்க் கத்தினேன். மனுஷன் அழுதுவிட்டார். "பிரிக்கக் கூடாதுன்னாங்க, பிரிக்கல. வேற என்னண்ணே பண்ணுவேன் நான்?"

திரும்பி வந்து லிஃப்டில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது?

மார்ச் 28

அந்த நீல உடையைக் கெஞ்சி வாங்கி, ஸ்ட்ரெச்சரோடு மேலே அனுப்பினேன். அது ஒன்றாவது கிழியாதே. மாசமாக இருக்கிற ஒரு நர்ஸுக்குக் கொடுத்துவிட்டாளாம். "என்னம்மா இது" என்றேன். "நீங்களா இருந்தாலும் குடுத்திருப்பீங்க" என்றாள். மாட்டேன். சத்தியமாக மாட்டேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 3

பாப்பாவுக்குக் காய்ச்சல். அதே மாடி, அதே வார்டு. நின்றுகொண்டிருந்தவள் இப்போது படுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 7

கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் கட்டில் கோடியில், தெரியவில்லை. ஒரு இருமல் கேட்டது. அவளுடையதா? தெரியாது. இருமலில் முதல் மார்க் வாங்கினவனுக்குச் சொந்த மகளின் இருமல் தெரியவில்லை.

"விடுண்ணே, கீழ ஆள் காத்திருக்கு" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். விட்டேன்.

ஏப்ரல் 11

ஐந்திலிருந்து கீழே. வேறு ஆள் ஓட்டட்டும் என்றார்கள். பாப்பாவை நான்தான் இறக்கினேன்.

மே 2

"கடைசியா எப்படி ஆட்டினா?" என்று அவள் அம்மா கேட்டாள்.

கையை நன்றாகத் தூக்கி ஆட்டிக் காட்டினேன்.

பிப்ரவரி 5

ஒத்திகை. நோயாளி நான்தான். முடியாது என்று சொல்லத்தான் போனேன். வழியில் ஸ்டோர் திறந்திருந்தது. மிச்சப் பெட்டிகளை மறுபடி ஒட்டி, அதே இடத்தில் அடுக்கியிருந்தார்கள். பேசாமல் போய் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டேன்.

"விருந்தினர் வந்துடுவாங்க, ஒரு தடவை இருமிப் பாருங்க" என்றார் பெரிய டாக்டர்.

"ஒரு பெட்டியைப் பிரிங்க சார், இருமறேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், நான் வழக்கம்போல ஜோக் அடிக்கிறேன் என்று. நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே ஸ்டோர்காரர் போய் ஒரு பெட்டியைப் பிரித்து எடுத்து வந்தார். நர்ஸ் போட்டுக்கொண்டாள். போன வருஷம் மாசமாக இருந்த பெண்தான் இந்த வருஷம் நர்ஸ் வேஷம்.

"கையைத் தூக்கும்மா" என்றேன்.

தூக்கினாள். டர்ர்.

பெரிய டாக்டர் தரையைப் பார்த்தார். "புதுசு வேணும்னு மேல எழுதியிருக்கேன். பதில் வரல" என்றார். வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. "சரி, நீலத்தையே போட்டுக்கம்மா."

அவள் மாற்றிக்கொண்டு வந்து என் மேல் குனிந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இருமுங்கப்பா" என்றாள், மெதுவாக.

இருமினேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. போன வருஷத்தைவிடத் தத்ரூபம் என்று விருந்தினர்கள் பாராட்டினார்களாம்.