தம்பியின் குவியல்

அக்டோபர் 14, செவ்வாய்

கொள்முதல் நிலையத்தில் இன்றும் நிற்க இடமில்லை. களம் முழுக்கக் குறுவை நெல். குவியலின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்து, கலந்து, அப்புறம்தான் மீட்டரில் ஈரம் பார்க்கிறேன். மூட்டை தூக்கும் யூசுப் பாய் சிரித்தார்: "கோயில்ல பூசை வைக்கிற மாதிரில்ல பாக்குறீங்க மேடம்!" அப்படித்தான் பாய். வேலை ஆண்டவருக்கு. மிராசு நெல்லும் குத்தகைக்காரர் நெல்லும் அவருக்கு ஒன்றுதான்.

அக்டோபர் 16

தம்பி இன்னாசி குத்தகை நெல்லைக் கொண்டுவந்து கொட்டியிருந்தான். மீட்டரை எடுத்தேன். அடுத்த குவியலுக்குக் காத்திருந்த வைரக்கண்ணு சத்தமாகச் சொன்னார்: "தம்பி நெல்லாச்சே, மெஷினே சலாம் போடும்!" களமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஓரத்தில் ஒரு கைப்பிடி எடுத்தேன். ஈரம் இருபது சதவீதம். பதினேழுக்கு மேல் வாங்கக்கூடாது.

"காயவச்சுட்டுச் சொல்லு" என்றேன்.

"உள்ள கைவிட்டுப் பாருக்கா. ஓரந்தான் தூறல்ல நனைஞ்சிருக்கு."

நான் நகர்ந்துவிட்டேன். அடுத்தது வைரக்கண்ணு நெல். மூன்று இடம் பார்த்து வாங்கிக்கொண்டேன். ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது.

அக்டோபர் 17

காலையிலிருந்து மழை. இன்னாசி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அக்டோபர் 22

இன்றுதான் வெயில். தார்ப்பாயை விலக்கினால் குவியல் முழுக்க வெள்ளை வெள்ளையாய் முளை. தம்பி மனைவி கயல்விழி அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அவன் அழவில்லை. "வைரக்கண்ணு நெல்லுக்கு மூணு எடம் பாத்தல்லக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அக்டோபர் 23

ஊருக்கெல்லாம் மூணு எடம். கூடப் பொறந்தவனுக்கு ஓரத்துல ஒரு பிடி. ஏன்டி? நாலு பேரு சிரிச்சாங்கன்னா? நேர்மைன்னு நெனச்சேனே, பாவி — அது பயம்! எல்லாரையும் ஒண்ணா நேசிக்கணும்னா, அந்த எல்லாருக்குள்ள அவன் இல்லையா?

செபம் சொல்ல வாய் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வேன்?

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்கு இன்னாசி வீட்டார் வரவில்லை. நான் நற்கருணை வாங்கவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு வருஷா வருஷம் நானும் அவனும் சேர்ந்துதான் சுண்ணாம்பு அடிப்போம். நான் போனபோது அடித்து முடித்து, பூவும் வைத்திருந்தான். மெழுகுதிரியோடு கிட்டே போய் "இன்னாசி" என்றேன்.

எழுந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"வாங்க மேடம்" என்றான்.