மல்லிகா பேரில் ஒரு தீர்மானம்

என் அருமை நாத்தனாரே, மைக் இல்லாமலே ஊரைக் கூட்டும் என் மல்லிகா,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. லாரித் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை திறந்துவிடுகிறார்கள். முதல் நாள் உன் அண்ணன் குழாயடியில் மூன்று தடவை குளித்தார். நான்காவது தடவை துண்டை எடுத்தபோது நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன்.

உப்புக் கரிக்கவில்லை, மல்லி. பருப்பு மலர்ந்து வேகிறது. வேகாத பருப்புக்காக நீயும் நானும் எத்தனை நாள் அடுப்பைத் திட்டியிருப்போம்? பாவம், அது என்ன செய்யும்!

இன்னொரு சேதியும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். குடத்தை வைத்துத் தொட்டியைத் தொலைத்தவள் என்று ஊர் உன்மேல் ஒரு பழியைப் போட்டதே, அது யார் செய்த தப்பு என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ போன பிறகு எனக்கு மட்டும் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அது எப்படி முடிந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். நாலு பேர் படிக்கும்படி அச்சிலும் வரட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே. மற்றவர்களுக்குப் புரிய வேண்டாமா?

நம் ஊர் வள்ளூர்ப் பக்கம். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஊரில் பெரிய தெரு ஒன்று, அதைத் தாண்டினால் நம் மேடு. பெரிய தெருக் கிணற்றில் இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது. மேட்டில் எங்கே தோண்டினாலும் உப்பு. வாரத்தில் மூன்று நாள் வரும் லாரியை நம்பித்தான் நம் பிழைப்பு.

ஊராட்சித் தேர்தலில் நம் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கியபோது என்னைப் பிடித்து நிற்க வைத்தவள் நீதான். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நீ சும்மா நில்லு அண்ணி, கத்துறது அல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாய். அப்படியே செய்தாய். ஓட்டு எனக்கு, தொண்டை உனக்கு. ஜெயித்த அன்று உனக்குத்தான் குரல் கம்மிப் போயிருந்தது.

பிறகு ஊராட்சிக்கு ஒரு தொட்டி கட்ட அனுமதி வந்தது. ஒன்றே ஒன்றுதான். பெரிய தெருவுக்கா, மேட்டுக்கா? முன்பெல்லாம் இதை எங்கோ ஓர் ஆபீஸில், நம் ஊரைக் கண்ணால் பார்க்காத ஒருவர் முடிவு செய்துவிடுவார். இப்போது கிராமசபை கூடி, ஜனங்கள் கையைத் தூக்கித் தீர்மானம் போடவேண்டும். நம் மேட்டில் பெண்களே போதும், கை எண்ணிக்கையில் நாம்தான் அதிகம். சுதந்திர தினத்தன்று சபை. வந்து உட்கார்ந்தாலே தொட்டி நமக்கு.

அங்கேதான் நான் கெடுத்தேன். கூட்டத்துக்கு வரும் அதிகாரிகள் பதினொரு மணி என்றால் ஒரு மணிக்குத்தான் வருவார்கள். நம் பெண்களுக்கோ இறால் உரிக்கிற வேலை, சமையல், குழந்தைகள். அத்தனை பேரையும் வெயிலில் எப்படி உட்கார வைப்பது? நம் வழக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் ஆள் நிற்கிற மாதிரிதானே? கைப்பிடியில் கட்டிய துணியைப் பார்த்தே யார் குடம் என்று சொல்லிவிடுவோம். ஒருத்தியின் இடத்தை இன்னொருத்தி தொடமாட்டாள்.

"ஆளுக்கொரு குடத்தை வச்சிட்டுப் போவட்டும் மல்லி, அதிகாரி வந்ததும் கூப்டுக்கலாம்" என்றேன். நீ தெருத்தெருவாகப் போய்ச் சொன்னாய். நான் சொன்ன யோசனை, உன் குரலில் போயிற்று.

அந்த ஒன்றிய அலுவலகப் பற்றாளர், கூட்டத்தைக் கவனித்து எழுதிக்கொண்டு போக வருபவர், அன்றைக்கென்று பதினொரு மணிக்கே வந்து தொலைத்தார். கொடியேற்றின மைதானத்தில் பெரிய தெரு ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எதிரே பச்சையும் நீலமும் மஞ்சளுமாக வரிசையாய்க் குடங்கள்.

"என்னம்மா இது?" என்றார்.

"அல்லாரும் வந்துட்டாங்க சார், தோ வரிசைல கீறாங்க பாரு" என்று நீ எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்!

"குடம் கை தூக்காதும்மா" என்றார் அவர். பெண்கள் ஓடி வருவதற்குள் போதிய ஆட்கள் வரவில்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று நோட்டில் எழுதி மூடிவிட்டார். அடுத்த முறையும் இப்படியே ஆனால் தொட்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறுவதற்கு முன் யார் வேலை இது என்று கேட்டார். நீ உடனே, "நான்தான் சார்" என்றாய். நான் மெம்பர் நாற்காலியில், கஞ்சி போட்ட புடவையில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வீட்டில் உன்னிடம் அழுதேன். நீ சிரித்தாய். "வுடு அண்ணி. நீ மெம்பரு, உன் பேரு கெடக் கூடாது. என் பேரு கெட்டா இன்னா, புதுசாவா கெடப் போவுது?" எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். நானும் எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டேன்! லாரி வரிசையில் நம் மேட்டுக் கன்னியம்மா உன்னை ஒரு மாதம் வறுத்தெடுத்தாள். அவளுக்கும் உனக்கும் ஏற்கெனவே வரிசைச் சண்டை, கேட்கவா வேண்டும். நீ பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மல்லிகாவா வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்று ஊரே அதிசயப்பட்டது.

புரட்டாசி பிறப்பதற்குள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். உன் வாயாடித்தனத்தை எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். யாரோ ஒருத்தி, "அந்தக் குடத்து விஷயத்துல மட்டும் கோட்ட வுட்டுச்சு" என்றாள். நான் உன் தலைமாட்டில் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. என்னை என்ன செய்தால் தகும்?

காந்தி ஜெயந்தியன்று திரும்பவும் சபை. இந்தத் தடவை ஒரு குடம்கூட இல்லை, அத்தனையும் ஆட்கள். பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. பற்றாளர் எண்ணி முடித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "இந்தச் சபையில ஜனங்க எடுக்கிற முடிவுதான் பெருசு. மேல இருந்து யாரும் மாத்த முடியாது" என்று பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தார். தொட்டி விஷயத்துக்கு வருவதற்குள் மேட்டிலிருந்து லாரியின் ஆரன் கேட்டது.

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. நாலு நாளாக லாரி வரவில்லை. ஒருத்தி எழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். கன்னியம்மா எழுந்தாள்.

எழுந்தவள் ஓடவில்லை. வேலியோரம் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக் கத்தினாள். "ஏம்பா, இன்னாத்துக்கு அங்க நின்னுகினு ஆரன் அடிச்சிகினு கீற? வண்டிய இங்க இட்டா! ஊரே இங்கதான் குந்திகினு கீது!"

டிரைவர் என்ன நினைத்தானோ, லாரியை மைதானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிக் கடைசி வரிசையில் தானும் உட்கார்ந்துகொண்டான். டேங்கரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பற்றாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று தொட்டிக்கு வந்தார். மேட்டுக்கு என்றதும் எழுந்த கைகளை நீ பார்த்திருக்கவேண்டும். டிரைவரும் கையைத் தூக்க, "உன் ஓட்டு செல்லாது நைனா, கைய எறக்கு" என்று கன்னியம்மா விரட்டினாள்.

ஜெயித்துவிட்டோம். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு வேண்டாம், தொட்டி கட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தொட்டி முடிந்ததும் தண்ணீர் வரட்டும் என்றேன். தண்ணீரும் வந்துவிட்டது. இனி என்ன சாக்கு?

இந்த ஆகஸ்ட் பதினைந்து சபையில் கன்னியம்மா என் கழுத்தில் ஒரு பூத்துவாலையைப் போட்டாள். மைக்கை வாங்கினாள். "எங்க மெம்பரு இல்லாங்காட்டி இந்தத் தண்ணி ஏது? மல்லிகா கெடுத்து வச்ச காரியத்த இவங்கதான் நேராக்குனாங்க" என்றாள். கைதட்டினார்கள். உன் அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டே கைதட்டினார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

"கொடம் வைக்கச் சொன்னது மல்லிகா இல்ல. நான்தான். அவ எனக்காவ பழிய ஏத்துக்கினா. நான் வாய மூடிக்கினு கெடந்தேன்."

என் நாக்கு எப்படி ஒட்டாமல் இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

கன்னியம்மா என்னையே முறைத்தாள். "இன்னாது? அப்ப லாரியாண்ட ஒரு மாசம் அவள வாய்க்கு வந்தத பேசுனேனே, அது அல்லாம் உனுக்குச் சேர வேண்டியதா?"

"ஆமாங்க்கா."

"இப்ப தரட்டா?"

"தா" என்றேன்.

தந்தாள். மைக் என் கையிலேயே இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. அவள் திட்டத் திட்ட முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு பத்துப் பேர், பிறகு பெரிய தெரு ஆண்கள் எல்லோரும். நானும் சிரித்தேன், மல்லி. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விட்டேன். திட்டி முடித்துக் கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "ஒரு பேச்சு திருப்பிப் பேசலியே அந்தப் பொண்ணு" என்றாள். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தாள்.

"சார், இத நோட்டுல எழுது."

பற்றாளர் திகைத்துப்போனார். "இதெல்லாம் தீர்மானத்துல வராதும்மா. தண்ணி, ரோடு, லைட்டு, இந்த மாதிரிதான்."

"அவ மேல இல்லாத பழி வந்ததும் இந்தச் சபைலதான சார்? ஜனங்க சொல்றதுதான் பெருசு, மேல இருந்து யாரும் மாத்த முடியாதுன்னு நீதான சொன்ன? நாங்க சொல்றோம், எழுது."

அவர் ஊராட்சித் தலைவரைப் பார்த்தார். தலைவர் பெரிய தெருக்காரர், தொட்டி கை நழுவிப் போன வருத்தம் அவருக்கு இல்லாமல் இருக்காது. ஆனாலும், "எழுதுங்க சார், நியாயமாத்தான் கேக்கறாங்க" என்றார்.

பற்றாளர் எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். சென்ற ஆண்டு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதற்குக் காலஞ்சென்ற மல்லிகா காரணம் அல்ல என்று இச்சபை பதிவு செய்கிறது. "யார் காரணம்னும் போடுங்க சார்" என்றேன். வார்டு உறுப்பினர் சரோஜாவே காரணம் என்று சேர்த்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். மேடு தூக்கியது. பெரிய தெரு தூக்கியது. உன் அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார், யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

அதன் நகல் ஒன்று ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. சாலைக்கும் விளக்குக்கும் நடுவில் நீ எப்படி வந்தாய் என்று அங்கே யாராவது தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். சொறியட்டும். சர்க்கார் முத்திரையோடு, உன் பெயர் சுத்தமாக அங்கே இருக்கிறது.

நீ இருக்கும்போதே சொல்லியிருந்தால் உன் காதால் கேட்டிருப்பாய். அந்தக் குறை எனக்குத் தீராது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த தேர்தலில் நான் நின்றாலும் நிற்காவிட்டாலும், நாற்காலியில் உட்கார்ந்தாலும் தரையில் உட்கார்ந்தாலும், என் தப்பை இனி ஒருத்தி தலையிலும் ஏற்றமாட்டேன். அடுத்த சபையில் மேட்டுக்குச் சாலை கேட்கப்போகிறோம். கேட்கப்போவது நான்தான், என் சொந்தத் தொண்டையில்.

உன்னிடம் பட்ட கடனை ஊரறிய ஒத்துக்கொண்ட,
உன் அண்ணி
சரோஜா