நான் சொன்ன ருசி

அக்கா,

கார்க்கைப் பிடுங்கியதும் எழுந்த வாசனை என்னை நேராக உங்கள் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய்விட்டது. மாட்ரிட்டில் வேலை பார்க்கும் உங்கள் மகள், ஊருக்கு வந்த தோழியிடம் எனக்கென்று கொடுத்தனுப்பிய சிவப்பு ஒயின். நாம் குடித்த அதே ரகம். அங்கே சாதாரணமானவர்களும் வாங்கக்கூடியதுதான். ஆனால் பீப்பாயிலும் பாட்டிலிலும் சில வருடங்கள் கிடந்து பக்குவப்பட்டது.

முப்பது வருட நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் சிட்லபாக்கத்துக்கு வந்தபோது, நான் கீழ் வீட்டில் அலுவலகமும் சமையலுமாக ஓடிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு டம்ளர் வீட்டு ஒயின் கொடுத்தீர்கள். அப்புறம் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்பெயின் பாட்டில். சனிக்கிழமை மதியம் என்னை மேலே கூப்பிடுவீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, கண்ணாடி டம்ளரில் இரண்டு விரற்கடை ஊற்றி, முதலில் மோந்து பார்க்கச் சொல்வீர்கள். எனக்கு உலர்ந்த திராட்சையும் பழைய மர பீரோவும் மணக்கும். உங்களுக்கோ ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம் மணக்கும். வாயில் நாவல்பழத் துவர்ப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் மனைவியுமில்லை, மருமகளுமில்லை.

பிறகு உங்கள் தொண்டையில் கட்டி வந்தது. ரேடியேஷன் முடிந்ததும் திறக்கலாம் என்று ஒரு பாட்டிலை அலமாரியில் எடுத்து வைத்தீர்கள். ரேடியேஷன் முடிந்தது. ஆனால் நாக்கில் ருசி போயிருந்தது, மூக்கும் மந்தமாகிவிட்டது. சில மாதங்களில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பியது கட்டிதான்.

ஒரு சனிக்கிழமை நீங்களே பாட்டிலை எடுத்துவரச் சொன்னீர்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ குடிச்சுட்டு சொல்லு. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

ஒரு கோடை முழுவதும் மேற்குச் சுவரோடு இருந்த அலமாரியில் வெந்த ஒயின் அது. புளித்துக் கெட்டிருந்தது. விழுங்க முடியவில்லை. நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னேன், நல்லா இருக்குக்கா, எப்பவும் இருக்கறத விட நல்லா இருக்கு என்று. திராட்சை, மரம், துவர்ப்பு என்று பழைய வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

நீங்கள் கோபப்படவில்லை.

"முப்பது வருஷம் பேஷன்ட்டுங்ககிட்ட நானும் இப்படித்தான் பேசினேன்" என்றீர்கள்.

டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் நீங்கள் எதையுமே கேட்கவில்லை. தினமும் வந்தேன், கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன். தலையசைப்பீர்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் படியேறுவேன். சொல்லாமலே இறங்குவேன். அப்படியே மூன்று வாரங்கள் போயின, நீங்களும் போய்விட்டீர்கள்.

இந்த பாட்டில் கெடவில்லை, அக்கா. டம்ளர் விளிம்பில், பக்குவப்பட்ட ஒயினுக்கே வரும் செங்கல் நிறம் தெரிகிறது. நிஜமாகவே நன்றாக இருக்கிறது. இதை இப்போது சொல்லி யாருக்கு என்ன?

குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் போன் செய்தாள். ஒயின் எப்படி என்று கேட்டாள், நன்றாக இருப்பதாகச் சொன்னேன். லீவு கிடைத்து அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது அல்லவா.

"அம்மா கடைசில ரொம்ப கஷ்டப்பட்டாங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்தக் கடைசி நான்கு நாட்களும் வலி தாளாமல் என் கையை நீங்கள் இறுக்கிய இறுக்கம் என்னிடமேதான் இருக்கிறது, அக்கா. அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது.