கரடியை ஓரம் போகச் சொன்ன உன் அப்பா

ஆம்பூர்,
1934 ஏப்ரல் 19

அன்பு மகள் பொன்மலருக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் கை கால் ஒன்றும் குறையாமல் முழு உடம்போடு இருக்கிறோம், நீயும் ரங்கூனில் அப்படியே இருக்க வேண்டுகிறேன். ஆஸ்பத்திரியில் டூட்டி ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய், அதற்காகப் பட்டினி கிடக்காதே. உபதேசியார் உன்னை விசாரித்தார், அவருடைய பிரசங்கம் இப்போது இன்னும் நீண்டுவிட்டது, போன ஞாயிறு ஆமென் சொல்வதற்குள் எனக்கு இரண்டு கனவு வந்துபோயிற்று.

உன் அப்பா டேனரியிலிருந்து நின்ற பிறகாவது சும்மா இருக்கிறாரா, தோல் பதனிட ஆவாரம் பட்டை வேண்டுமாம், உரிக்க ஆள் பேசி வருகிறேன் என்று போன செவ்வாய்க்கிழமை ஆலங்காயத்து மலைக்குக் கிளம்பினார். தனியாக விட்டால் யாரிடமாவது சண்டை இழுப்பார் என்று நானும் கூடப் போனேன். வழிகாட்ட வேலாயுதம் என்கிற மலைக்காரர் வந்தார். ஓடையைத் தாண்டியதும் அவர் நின்று, இலுப்பைப்பூ உதிர்ற காலம், கரடி குட்டியோட மேயுது, இனிமே பேச்சு வேணாம், இருமல் வந்தாகூட துணிய வச்சிக்கினு இருமுங்க என்றார். காலையில் உதிர்கிற பூவில் முதல் பங்கு கரடிக்குத்தானாம், அது தின்றுவிட்டுப் போன பிறகுதான் அவர்கள் வீட்டுப் பெண்கள் கூடை எடுத்துப் போவார்களாம். உன் அப்பாவும் எல்லாம் புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

ஆட்டின தலைக்குள் ஒன்றும் ஏறவில்லை. டேனரியில் சுண்ணாம்புக் குழிப் பக்கம் நடக்கிறவர்கள் குரல் கொடுத்துக்கொண்டேதான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தோல் சுமந்து வருகிறவன் மோதி இரண்டு பேரும் குழிக்குள் போவார்கள். முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து அப்படிக் கத்திப் பழகின வாய் அது. வழி ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது, எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான், ஓரம், ஓரம் போ என்று மலையே அதிரக் கத்தினார். பாறைக்கு அந்தப் பக்கம் கரடி, முதுகில் இரண்டு குட்டி. அது உறுமிக்கொண்டு எழுந்து நின்றது. நல்லவேளை எங்கள் மேல் பாயாமல் புதருக்குள் விழுந்தடித்து ஓடியது. ஓடின வேகத்தில் ஒரு குட்டி உருண்டு கீழே விழுந்து வீறிட ஆரம்பித்தது.

ஐயோ பாவம் என்று உன் அப்பா அதைத் தூக்கப் போனார். வேலாயுதம் இழுத்த இழுப்பில் வேட்டி பாதி அவிழ்ந்தது. தொட்டீங்கன்னா அது இன்னும் கத்தும், ஆத்தாக்காரி நம்மள கிழிச்சிடுவா, நாம ஒதுங்கிக்கினா தன்னால வருவா, வரலேன்னா குட்டி நரிக்குத்தான் என்றார். காற்று எங்கள் பக்கமிருந்து கரடி போன பக்கம் அடிக்கிறது என்று எங்களைச் சுற்றி எதிர்ப்பக்கம் கூட்டிப்போய்ப் பாறை மறைவில் உட்கார வைத்தார். நீங்க வாய மூடினாலும் உங்க வேட்டி பேசுது மேஸ்திரி என்றாரே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தத் தோல் வாடைக்கு என் மூக்கு என்றைக்கோ செத்துவிட்டது.

வெயில் உச்சிக்கு வரும்வரை உன் அப்பா பேசவில்லை, நம்புகிறாயா. நடுவில் ஜெபம் பண்ண வாயைத் திறந்தார், நான் முந்தானையை உள்ளே திணித்தேன். கர்த்தருக்குக் காது மந்தமில்லை, மனசுக்குள் சொன்னால் போதாதா. குட்டியின் கத்தல் முனகலாகி, பிறகு அதுவும் நின்றது. உன் அப்பா கண்ணில் தண்ணீர். நம்மால்தானே இந்தப் பழி என்று நானும் மனசுக்குள் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் புதர் அசைந்தது. ஆத்தாக்காரி மெதுவாக வந்து, மோந்து பார்த்து, நக்கிக் கொடுத்தாள். செத்த மாதிரி கிடந்த குட்டி அவள் மயிரைப் பிடித்து ஏறி, மேலே இருந்ததை உதைத்து இடம் பிடித்துக்கொண்டது. அவர்கள் போன பிறகும் நாங்கள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நேற்று எதிர்வீட்டுக் கோதண்டராமன் வந்தார், அவர் புதுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். மலைக்குப் போனீங்களாமே, கரடி எந்தப் பக்கம் இருக்குது, குட்டி இருந்தா சர்க்கஸ்காரன் கேக்கறான் என்றார். தும்மினால்கூடத் தெருவைக் கூட்டிச் சொல்கிற உன் அப்பாவுக்கு, ஜன்மத்தில் ஒரு தரம் சொல்லிக்கொள்ள உண்மையான கதை கிடைத்திருக்கிறது. கரடியா, நான் ஒரு அணிலக்கூட பாக்கலியே என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கூட இருந்த என்னிடமே அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை கிசுகிசுவென்று சொன்னார்.

உனக்குக் கர்த்தர் நல்ல சுகமும் நல்ல புத்தியும் கொடுப்பாராக. மறந்துவிடாதே, உன் வார்டில் இருக்கிற ஆம்பூர்ப் பெண் கோதண்டராமனுக்கு உறவு, இதை அவள் காதில் விழும்படி படிக்காதே.

உன் அன்புள்ள அம்மா,
ஜெயபுஷ்பம்