கீறல் விழாத கத்தி

செப். 6, சனி

காலையில் தூறல், பத்து மணிக்கே கொளுத்தும் வெயில். கத்திகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய். பாக்குவெட்டி இரண்டுக்கும். இழைப்புளிக்கு நேரமில்லை.

கத்திக் குழுவில் இந்த மாதம் எனக்கு ஜோடி கோவளத்து மீனவன் ஏழுமலை. குழு என்றால் கத்திப் பைத்தியங்கள் ஆறே பேர். ஆளுக்கொரு கத்தியை ஜோடிக்குள் மாற்றிக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்ய வேண்டும். ஷோகேஸில் வைக்கக் கூடாது. விதி போட்டவள் நான்தான்!

எருமைக்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியைக் கொடுத்தேன். செங்கல்பட்டில் மூடப்போன இரும்புக் கடையில் கெஞ்சி வாங்கியது. என்னிடம் இருப்பதிலேயே அழகு. கேளம்பாக்கம் மார்க்கெட்டில் அவன் மனைவி தேவியின் மீன் பலகைமேல் வைத்தேன், அங்கிருந்து அவன் எடுத்துக்கொண்டான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். அவன் கத்தியும் அப்படியே என்னிடம் வந்தது. மரப்பிடி, உப்பில் கறுத்த அலகு, பிடியில் நைலான் நூல் சுற்றியிருக்கிறது.

"பத்திரம் ஏழுமலை. முனை மெல்லிசு. பத்திரம்."

"இன்னாக்கா, கொயந்தையா குடுக்குற? கத்திதான?"

தேவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப். 9, செவ்.

ஆபீஸில் ஆடிட். தலைவலி. பால் பாக்கெட், கேஸ் புக்கிங் இரண்டும் மறந்தாச்சு.

ஏழுமலையின் கத்தியில் மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது. சமையலறைக்குள் விட மனசில்லை. மேஜைமேல் வைத்து ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டேன். எல்லோரிடமிருந்தும் இதயங்கள். 'வேலை செய்யும் கத்தியின் அழகே தனி' என்று எழுதினேன் வேறு. விதி மீறல்தான், யார் பார்த்தார்கள்.

என் கத்தி ஞாபகமாகவே இருக்கிறது. ஏழுமலைக்குப் போன் போட்டேன். கடல் தண்ணி பட்டா உடனே துடைக்கணும், கல்லுல தீட்டாதே, நெம்பாதே.

"தொட்றதுக்கே பயமா கீதுக்கா."

நிம்மதியாக இருந்தது.

இவர்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட நீ இத்தனை தடவை போன் பண்ணலை."

செப். 24, புதன்

மார்க்கெட்டில் தேவி இல்லை. சனிக்கிழமையும் இல்லை. பக்கத்துக் கடைப் பெண்ணுக்கும் தெரியவில்லை. வஞ்சிரம் கிடைக்கவில்லை, நெத்திலி வாங்கினேன். மழை வரும் போல.

செப். 28, ஞாயிறு

தேவி வீட்டுக்கே வந்தாள். கத்தியைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர். பிரித்தேன். ஒரு கீறல்கூட இல்லை! எண்ணெய் போட்டிருக்கிறான். சபாஷ் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஏழுமலை வரலையா?"

"கைல கட்டுக்கா. கடல்ல போட் இஞ்சின் விசிறில கயிறு சுத்திக்கிச்சி. காத்து பாறை பக்கம் தள்ளிகினு போவுது. கையால பிச்சி எடுக்கப் பாத்துகீறாரு. அலை தூக்குனதுல கயிறு இறுகி கையைப் புடிச்சிக்கிச்சி. பின்னால வந்த போட்டுக்காரங்கதான் அறுத்து இட்டாந்தாங்க. ரெண்டு விரலு மடங்கல."

"கத்தி இல்லையா?"

தேவி என் கையைப் பார்த்தாள். "இடுப்புலதான் இருந்திச்சி."

அவன் கத்தி எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் நின்ற இடத்துக்கு நேர் பின்னால்தான் கண்ணாடி அலமாரி. காபி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப். 29, திங்.

லீவு சொல்லிவிட்டு கோவளம். பஸ்ஸில் நின்றுகொண்டே. ஏழுமலை வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை கட்டு.

அழுகையும் கோபமுமாக வந்தது. எடுத்த எடுப்பில் கத்திவிட்டேன். "ஏன்ப்பா அறுக்கலை? முட்டாளா நீ?"

"நீதானக்கா பத்திரம் பத்திரம்னு சொல்லிகினே இருந்த. ஈரக் கயிறு, நெம்பித்தான் அறுக்கணும். முனை போயிட்சின்னா உன் மூஞ்ச எப்புடிப் பாக்குறது? கையாலயே வந்துரும்னு நெனச்சிட்டேன்."

என்னைக் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

டாக்டர் ஒரு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறாராம். வலது கை. வலை இழுக்கிற கை.

அவன் கத்தியைக் கட்டில்மேல் வைத்தேன். இடது கையால் எடுத்து நூலைத் தடவிப் பார்த்தான். "வூட்டுக்கு வந்துட்சி" என்றான்.

அக். 5, ஞாயிறு

வெயில். இவர் ஸ்கூட்டரில் கோவளத்தில் கொண்டுவிட்டார். ஆரஞ்சு, ரொட்டி, என் மடக்குக் கத்தி. இந்தத் தடவை கடன் இல்லை, அவனுக்கே என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன்.

வாசலில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் தேவி பழைய வலையிலிருந்து ஈய குண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடிச்சு வரவில்லை. கத்தியைப் பக்கத்தில் வைத்தேன்.

"இத்தாலயா? வாணாக்கா."

"அறு தேவி. உங்களுதுதான் இனிமே."

சிமெண்டுத் தரைமேல் முடிச்சை அழுத்தி, முனையைச் செருகி நெம்பினாள். டக். முனை தனியாகத் தெறித்து விழுந்தது. தேவி கையை எடுத்துவிட்டாள்.

எனக்கு வலித்தது. அவன் விரல் மடங்காமல் எதிரே உட்கார்ந்திருக்கிறான், எனக்குக் கத்தி முனைக்கு வலிக்கிறது. சீ!

ஏழுமலை கத்தியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். சிரித்தேன். நம்பினானா, தெரியவில்லை.